அய்யாவுக்கு ஒரு போர்டு

ஆடி அமாவாசைக்கு மூன்றே நாள் இருந்தது. ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் அப்துல் ஹமீதின் கடையில், கண்ணாடி மேசைமேல் மூன்று போர்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நாகஜோதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் ஒரு சில்லு, ஓரத்தில் கம்பியில்லாமல் பேசுகிற ரேடியோ. நாம் எழுதிக் கொடுக்கிற வேலையைச் சலிக்காமல் செய்யும். பொழுதுபோகாமல் இதை வைத்து விளையாடுகிறவர்கள் ஊருலகத்தில் ஏராளம். நாகஜோதியும் அந்தக் கூட்டம்தான். பரமக்குடியில் டிப்ளமோ படித்து, ஓசூரில் இரண்டு வருடம் சால்டரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். பம்புசெட்டுக்கு ஒன்று, மாடித் தொட்டி நிரம்பினால் கத்துவதற்கு ஒன்று என்று வீடெங்கும் அவள் கைவேலை தொங்கும். ஆனால் இப்போது வாங்க வந்தது விளையாட்டுக்கு இல்லை. அய்யாவுக்கு.

அய்யா காளீஸ்வரனுக்கு மறதி. சாவியை எங்கே வைத்தேன் என்கிற மறதியாக இருந்தால் பரவாயில்லையே, தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற மறதி. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டை ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்ட மனிதர், பங்குனியில் ஒருநாள் வாசலைத் தாண்டினவர் மறுநாள்தான் கிடைத்தார், கருவேலங்காட்டுக்குள், கால் முழுக்க முள்ளோடு. அன்றைக்கே அண்ணன் மருதுபாண்டி கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். பூட்டிய கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி அய்யா நாளெல்லாம் நிற்பதைப் பார்க்கப் பார்க்க நாகஜோதிக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டானா? மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் பேசியும் முடித்துவிட்டான்.

"நெனப்பே இல்லாத மனுசனுக்கு எந்த எடமா இருந்தா என்ன ஜோதி? நம்ம முகமே அவருக்குத் தெரியல. அங்கன நர்சு இருக்கு, காவல் இருக்கு. இங்கன நாம காட்டப் பாப்பமா, அவரப் பாப்பமா?"

"மாட்டக்கூட அப்பிடி ஓட்டிக்கிட்டுப் போயி விட மாட்டாக அண்ணே."

"முள்ளு எடுத்தது நீயா, நானா?"

அவன்தான் எடுத்தான். அதை மறுக்க முடியாது. அய்யாவின் பாதத்தை மடியில் வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் அழுதான். கல்நெஞ்சன் இல்லை, பயந்துபோனவன். பயந்தவனிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியுமா? கடைசியில் அவனே ஒரு பேச்சுக்கு வந்தான். ஆத்தாளுக்குத் தலைத்திவசம் முடிந்து வருகிற முதல் ஆடி அமாவாசை இது. ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க அய்யாவையும் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். "அந்தக் கூட்டத்துல அவரத் தொலைக்காம திரும்பக் கொண்டாந்துரு, நான் மதுரைப் பேச்ச விட்டுர்றேன். தொலைஞ்சாரு, அப்புறம் நீ வாயத் தெறக்கக் கூடாது." சரி என்று சொல்லிவிட்டாள். 

"பாய், இதுல எது மலிவு?" என்றாள்.

ஹமீது சின்னதைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் குட்டிதேன். வைஃபை மட்டும். நீ பம்புசெட்டுக்கு வாங்குனியே, அதேதான். இந்த ரெண்டாவதுல வைஃபையும் இருக்கு, ப்ளூடூத்தும் இருக்கு. விலை கொஞ்சம்தேன் கூட."

"என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, பழைய போர்ட நேத்து ஆட்டுக் கழுத்துல கட்டி விட்டுப் பாத்தேன் பாய். களத்தத் தாண்டுனதும் சத்தத்தக் காணாம்."

"ஆட்டுக்கா?" ஹமீது வாய்விட்டுச் சிரித்தார். "காணாமத்தேன் போகும். வைஃபை வீட்டுக்குள்ள ராசா, வீதிக்கு வந்தா பிச்சைக்காரன். ப்ளூடூத்து அதவிடக் கேவலம், நாலு ஆளு குறுக்க நின்னாலே செத்துச்சு. அமாவாசைக் கூட்டத்துல நாலு ஆளா நிப்பான்?"

மூன்றாவது போர்டை அவள் கையில் எடுத்தாள். கொஞ்சம் நீளம். நெற்றியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திரை, பக்கத்தில் சுருண்ட ஆன்டெனா.

"அது லோரா. அளவாப் பேசும், தூரமாப் பேசும். படம், பாட்டெல்லாம் அனுப்பாது. 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கச் சொன்னா வெட்டவெளியில ரெண்டு மூணு கிலோமீட்டருக்குச் சொல்லும். பேட்டரியும் தின்னாது. விலை அந்தக் குட்டி மாதிரி மூணு மடங்கு. ஜோடியாத்தேன் வாங்கணும், அவருட்ட ஒண்ணு, உன்ட்ட ஒண்ணு."

"ஜிபிஎஸ் சேத்தா எடமே தெரியுமே?"

"தெரியும், ஸ்டாக்குல இல்ல. இருந்தாலும் துணிக்குள்ள சுத்தி வச்சு கோயில் பிரகாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போனா அதுக்கு வானம் எங்கிட்டிருந்து தெரியும்? ஆன்லைன்ல போட்டா வர ஒரு வாரம் ஆகும்."

வெளியே மருதுபாண்டி பைக்கில் உட்கார்ந்தபடி ஹாரனை அமுக்கினான். அமுக்கினான் என்ன, அறைந்தான். நாகஜோதி அந்தக் குட்டிப் போர்டைப் பார்த்தாள். மலிவு, கைக்குப் பழகியது, தவறே வராமல் எழுதிவிடுவாள். லோராவை அவள் தொட்டதே இல்லை. மூன்று நாளில் படித்து, எழுதி, பொருத்தி, சோதித்துப் பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமோ என்று தயங்கினாள். ஆனால் கருவேலங்காடு நினைவுக்கு வந்ததும் தயக்கமெல்லாம் ஓடிப்போயிற்று.

"லோராவே குடுங்க பாய்."

ஹமீது தலையைச் சொறிந்தார். "இருக்கிறது இந்த ஒரே ஜோடி. தொண்டியில ஒரு எறாப்பண்ணைக்காரரு சொல்லி வச்சது." கொஞ்சம் யோசித்துவிட்டு, டப்பாவை அவள் பக்கமே தள்ளினார். "அவரு எறா நாலு நாள் பொறுக்கும். அய்யா பொறுப்பாகளா? கொண்டு போ. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஆன்டெனாவ மாட்டாம கரண்ட் குடுத்துராத, ரேடியோ கருகிரும். இன்ஷா அல்லாஹ், நல்லபடியா வரும்."

அந்த மூன்று நாளும் அவள் சோற்றை வாயில் வைத்தபடியே புரோகிராம் எழுதினாள். ஒரு போர்டு ஐந்து விநாடிக்கு ஒருதரம் குரல் கொடுக்கும். இன்னொன்று அதைக் கேட்டு, குரல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும். நாற்பது என்றால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். நூறு என்றால் தூரம். எண் குறைகிற திசையில் நடந்தால் ஆள் கிடைப்பார். இவ்வளவுதான் சங்கதி. மறுபடியும் அதே ஆட்டுக் கழுத்தில் கட்டி விட்டாள். ஆடு களத்தைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, கண்மாய்க்கரைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. எண் நூற்றெட்டுக்குப் போனதே தவிர, குரல் நிற்கவில்லை. நாகஜோதி எண்ணைப் பார்த்தபடியே நடந்து போய் ஆட்டின் வாலை மிதித்தாள்.

"ஆட்டுக்கு நல்லா வேலை செய்யிது," என்றான் மருதுபாண்டி. "ஆட்டத்தேன் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகப் போறமா?"

போர்டை அய்யாவின் உடம்பில் எங்கே வைப்பது? அங்கேதான் இடித்தது. கையில் கட்டிய வாட்சை ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தவர். கழுத்தில் போட்ட கயிற்றை மாட்டுக்குப் போட்டவர். கொடுத்த இரண்டு போனும் கண்மாய்க்குள் கிடக்கின்றன. அவர் விடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கோடு போட்ட பட்டாபட்டி அண்டராயர். அதில் சோற்றுச்சட்டி கொள்கிற அளவுக்குப் பை உண்டு. வீட்டில் குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். சின்ன பேட்டரியோடு போர்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரத்தை மெழுகால் உருக்கி அடைத்து, அந்தப் பைக்குள் வைத்து நாலு பக்கமும் தைத்தாள். தண்ணீர் புகாது. அவர் கைக்கும் அகப்படாது. இதைவிடப் பத்திரமான இடம் இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் சனி உட்கார்ந்திருந்தது.

அமாவாசையன்று விடிய வேனில் புறப்பட்டார்கள். அய்யா, மருதுபாண்டி, அவன் மனைவி வீரலட்சுமி, நாகஜோதி. பாம்பன் பாலத்தைத் தாண்டி அக்காள்மடத்தில் வண்டிகள் அசையாமல் நின்றுவிட்டன. வீரலட்சுமி தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அய்யா கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

"போச்சு! இன்னும் ஊருக்குள்ளேயே போகல, அதுக்குள்ள போச்சு!" என்று மருதுபாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

நாகஜோதி திரையைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. வேன்களுக்கு நடுவே இடப்பக்கம் நடந்தாள், எண்பது. திரும்பி வலப்பக்கம் நடந்தாள். அறுபத்தைந்து, ஐம்பது, நாற்பத்தொன்று. ஒரு டீக்கடைக்குப் பின்னால் அய்யா கருவாடு காய்வதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மருதுபாண்டி வேன் கதவை உள்ளிருந்து பூட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "அது எம்புட்டுத் தூரத்துக்கு எடுக்கும்?" என்று மட்டும் கேட்டான். நாகஜோதிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பத்து மதுரைக்குப் பதில் சொல்கிற தைரியம் வந்துவிட்டது.

அக்னி தீர்த்தக் கரையில் மணல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. ஐயர் பாய் விரித்து, எள்ளும் மாவும் எடுத்து வைத்து, இறந்தவர் பேரைக் கேட்டார்.

"கனகலட்சுமி," என்றான் மருதுபாண்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யா திடுக்கிட்டார். "ஏலே, அவ பேர எதுக்குச் சொல்ற? அவளுக்கு என்ன?"

"ஆத்தா செத்துப்போச்சு அய்யா. போன வருசமே செத்துப்போச்சு. எத்தன தடவ சொல்றது?"

அய்யாவின் முகம் அப்படியே சரிந்தது. ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கும். அவருக்கு அது எப்போதும் முதல் சேதி. சொல்ல வேண்டாம் என்று நாகஜோதி தடுத்தால், "பொய் சொல்லி ஏமாத்தச் சொல்றியா?" என்பான் அண்ணன். நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிண்டம் வைத்து முடிப்பதற்குள் அய்யா அழுததையும் மறந்து, எள்ளை எடுத்து விரலால் எண்ணத் தொடங்கிவிட்டார்.

பிறகு கடலில் இறங்கினார்கள். அண்ணன் அய்யாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வீரலட்சுமி முதலிலேயே முங்கி எழுந்து, துணி மாற்றுகிற இடத்துக்குப் போய்விட்டாள். நாகஜோதி முழங்கால் தண்ணீரில் நின்று திரையைப் பார்த்தாள். இடுப்பளவுக்கு அவர் இறங்கியதும் எண் மறைந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். உப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ரேடியோ பேசாது. கரையேறினதும் பேசும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அண்ணன் கை இருக்கிறதே.

மூன்றாவது முங்கலில் மருதுபாண்டி மூக்கைப் பிடிக்கக் கையை எடுத்தான். எழுந்து கண்ணைத் துடைத்தான். பக்கத்தில் யாரோ ஒரு மொட்டைத்தலைக்காரர் நின்றார். அய்யா இல்லை.

"ஜோதி! அய்யா அங்கிட்டு வந்தாகளா?"

அவள் திரையைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. ஐந்து விநாடி பொறுத்தாள். இல்லை. இன்னும் ஐந்து. இல்லை. கரையேறியிருந்தால் பேசியிருக்குமே! பேசவில்லை என்றால் அந்தப் போர்டு இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. போர்டு தண்ணீருக்குள் என்றால், அதை இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிற மனிதர்? அவள் அலறினாள்.

"அண்ணே, தண்ணிக்குள்ள தேடு! தண்ணிக்குள்ளேயேதான் இருக்காக! தேடு!"

மருதுபாண்டி பைத்தியம் பிடித்தவன் மாதிரி முங்கி முங்கித் துழாவினான். யார் யார் காலையோ பிடித்து இழுத்தான், திட்டு வாங்கினான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதினார். இரண்டு பேர் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "எம்புட்டு வயசு? நீச்சல் தெரியுமா? என்ன சட்டை?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாகஜோதிக்கு எந்தக் கேள்வியும் காதில் விழவில்லை. குனிந்த தலை நிமிராமல் அந்த நகத்தளவுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வா, வா, ஒரே ஒரு தடவை வா என்று கெஞ்சினாள். குலசாமியைக்கூட அவள் அப்படிக் கூப்பிட்டது கிடையாது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. திடீரென்று திரையில் எண் வந்தது. எண்பத்தெட்டு.

"வந்துருச்சு! அண்ணே, அய்யா கரையேறிட்டாக!"

ஓடினாள். ஈரச்சேலை காலைத் தடுக்க, தர்ப்பைக்கட்டையும் வாழைப்பழத்தையும் மிதித்துக்கொண்டு வடக்கே ஓடினாள். பின்னாலேயே அண்ணன். எண்பது. எழுபத்தாறு. மறுபடி எண்பத்துமூன்று. அவர் நகர்கிறார்! "அய்யா! அய்யா!" என்று இருவரும் கத்தினார்கள். அங்கே நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது. ஐம்பத்திரண்டு. கூட்டம் விலகியது. எதிரே ஒரு டிராக்டர் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. அதன் தொட்டி நிறைய ஈரத்துணி. நாற்பத்திரண்டு. டிராக்டரில் கை வைத்தாள். முப்பத்தைந்து.

துப்புரவுப் பணியாளர்கள் கடலிலிருந்து வாரிப்போட்ட துணிக் குவியல் அது. அவள் ஏறிக் கையால் கிளறினாள். சேலை, வேட்டி, துண்டு, குழந்தைச் சட்டை. அடியிலிருந்து கோடு போட்ட பட்டாபட்டி வந்தது. பையில் அவள் போட்ட தையல் பிரியாமல் இருந்தது. உள்ளே அந்தப் போர்டு, ஐந்து விநாடிக்கு ஒருதரம், நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மருதுபாண்டி அந்தத் துணியை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு மணலில் விழுந்தான். "அய்யா! கையப் பிடிச்சிருந்தேனே! ஒரு நொடிதான விட்டேன்! மதுரைக்கு அனுப்புறேன்னு சொன்னேன்னா போயிட்டீக?" நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதான். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாகஜோதிக்கு அழுகைகூட வரவில்லை. 

டிராக்டர் பக்கத்தில் நின்ற பணியாளர் ஓர் அம்மா. கையுறையோடு இடுப்பில் கை வைத்து இவர்களைப் பார்த்தாள். "எதுக்குய்யா இப்பிடி அழுகுற? முங்கி எந்திரிச்சா பழைய துணிய இங்கன விட்டுட்டுப் போறதுதான? பாவத்த விட்டுட்டுப் போறாகளாம். பாவம் எங்க இடுப்ப ஒடிக்கிது."

நாகஜோதி அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு அண்ணன் கையிலிருந்த பட்டாபட்டியைப் பிடுங்கினாள். இடுப்பு நாடாவைப் பார்த்தாள். முடிச்சு இறுகவில்லை, அறுபடவில்லை. பக்குவமாக அவிழ்க்கப்பட்டிருந்தது.

அட மூதேவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ராமேஸ்வரத்தில் கட்டின துணியைக் கடலில் விட்டுவிட்டுப் புதுசு உடுத்துவது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவளே எத்தனை பாவாடையை இதே கடலில் விட்டிருக்கிறாள்! எல்லாம் மறந்த அய்யாவுக்கு அது மறக்கவில்லை. எல்லாம் படித்த இவளுக்கு மறந்துபோயிற்று. கடலில் விடப்போகிற துணியிலா கொண்டுபோய்த் தைப்பாள் ஒருத்தி!

"அண்ணே, எந்திரி. முங்கிப்போற மனுசன் நாடாவ அவுப்பானா? அய்யா அவுத்துட்டுக் கரையேறிட்டாக. எந்திரின்றேன்ல!"

இருவரும் ஐயரின் பாய்க்குத் திரும்பி ஓடினார்கள். ஐயர் அடுத்த குடும்பத்துக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இவர்கள் பை கிடந்தது. திறந்து பார்த்தாள். அய்யாவுக்கென்று வாங்கிய புதுவேட்டி இல்லை. அவள் தண்ணீரில் தலைகுனிந்து எண்ணுக்காகத் தவமிருந்த நேரத்தில் அவர் தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கமாகவே ஏறி வந்து, வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டு போயிருக்கிறார். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள்தான் நிமிரவே இல்லையே. 

உயிரோடு இருக்கிறார், சரி. எங்கே? இனி எண் இல்லை. புதுவேட்டி கட்டிய கிழவர்கள் கரை முழுக்க ஆயிரம் பேர். கோயிலுக்குள் போய்விட்டாரா? பஸ் ஏறிவிட்டாரா? மருதுபாண்டி மேற்கே ஓடப் போனான்.

"நில்லு அண்ணே. துணி மாத்துனதும் ஒரு ஆம்பள என்ன செய்வான்? நீ என்ன செய்வ?"

"என்னத்தச் செய்வேன்? வீரலட்சுமி வாரதுக்கு அந்தப் பொம்பளைக துணி மாத்துற எடத்துல..." அவன் பேச்சு பாதியில் நின்றது.

பெண்கள் உடை மாற்றுகிற தகரக் கொட்டகை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அதன் வாசலில், எப்போதும் போல, கணவன்மார்கள் ஒரு வரிசையாக நின்றார்கள், தோளில் பெண்டாட்டி பையும் கையில் செருப்புமாக. அந்த வரிசையின் கடைசியில் புதுவேட்டியோடு அய்யா நின்றார். தோளில் யாருடையதோ ஒரு சிவப்புக் கைப்பை. கையில் யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பு. அவர்கள் ஓடி வரும்போதே உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று பையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு போனாள். அய்யா தலையசைத்துவிட்டு மறுபடி வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அய்யா!" நாகஜோதி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

"எங்கன போயித் தொலைஞ்சீக ரெண்டு பேரும்?" என்றார் அய்யா கோபமாக. "ஒங்க ஆத்தா உள்ள போயி எம்புட்டு நேரமாச்சு. இன்னும் வரல. யாரு யாரோ வாராக, அவள மட்டும் காணாம்."

நாகஜோதி அண்ணனைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் கையாலேயே ஆத்தாவுக்குப் பிண்டம் கரைத்தவன். மருதுபாண்டி வாயைத் திறந்தான். போன வருசமே, என்று சொல்லப் போகிறான். அதைக் கேட்கக் கூடாது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ள கூட்டமா இருக்கும் அய்யா," என்றான் மருதுபாண்டி.  "ஆத்தா வந்துருவாக. நீங்க நெழல்ல உக்காருங்க. நான் நிக்கிறேன்."

"நீ நின்னா ஆகாதுப்பா. கூட்டம்னா அவளுக்குப் பயம். வெளிய வந்ததும் என் முகத்தப் பாக்கணும், இல்லாட்டி அழுதுருவா."

மருதுபாண்டி அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் தானும் நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வீரலட்சுமி வந்தாள், இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றாள். அய்யா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து மருதுபாண்டி தங்கை பக்கம் திரும்பினான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"மதுரைக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிரு ஜோதி. என்னால இப்பப் பேச முடியாது."

அவள் இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். கண்ணீர் முட்டித் திரை தெரியவில்லை. சேலையால் துடைத்துக்கொண்டு எண்ணைத் தேடினாள்.